சேறும் செந்தாமரையும்: கார்க்கியின் தன்வரலாற்று நூல்களிற் குடும்பமும் கல்வியும்

1

வறுமையும் வன்முறையும் மலிந்த வீட்டிற் பிறந்து, கல்வியினால் உயர்நிலை எய்திய ஒருவரைப் பாராட்டும்போது 'சேற்றில் மலர்ந்த செந்தாமரை' என்று கூறுவது நம்மவர் வழக்கம். பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும் மணிவிழா மலர்களிலும் பயின்று தேய்ந்துபோன உவமை இது. இதனுள் ஒரு சமுதாய நோக்கு மறைந்திருப்பதைப் பலர் சிந்திப்பதில்லை. தாமரை போற்றப்படுகின்றது, சேறு இகழப்படுகின்றது. சேறு எவ்வாறு உண்டாயிற்று என்ற வினா எழுவதில்லை. அதே சேற்றில் அமிழ்ந்துபோன ஏனைய வித்துக்கள் எத்தனை என்ற வினாவும் எழுவதில்லை. திறமைமிக்க தனிமனிதன் ஒருவன் தன் வீட்டிலிருந்தும் வர்க்கத்திலிருந்தும் தப்பிச்செல்லும் வழியே கல்வி என்ற எண்ணம் மட்டும் கேட்போர் மனதில் நிலைத்துவிடுகின்றது.

இவ்வெண்ணம் முற்றிலும் பொய்யானதன்று. கல்வி பலரைக் காப்பாற்றியுள்ளது என்பதை மறுப்பது அறிவீனமாகும். ஆயின், எதிலிருந்து காப்பாற்றியது, எவ்வாறு காப்பாற்றியது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பன கேட்கப்பட வேண்டிய கேள்விகள். இக்கேள்விகளை எழுப்பி, தம் வாழ்க்கையையே சான்றாக வைத்து விடை தேடியவர் மாக்சிம் கார்க்கி. 'எனது குழந்தைப் பருவம்' (1913-14), 'யான் பெற்ற பயிற்சிகள்' (1915-16), 'யான் பயின்ற பல்கலைக்கழகங்கள்' (1923) ஆகிய மூன்று நூல்களும் இவ்வகையில் ஒரே ஆய்வின் மூன்று கட்டங்கள் எனலாம். ஈழத்து முற்போக்கு வாசகரிடையே 'தாய்' நாவல் பெற்ற கவனத்தை இவை பெறவில்லை என்றே தோன்றுகின்றது. உணர்ச்சியூட்டும் முன்மாதிரிக் கதைகளாக இவை வாசிக்கப்பட்ட அளவிற்கு, குடும்பமும் கல்வியும் பற்றிய கடுமையான விசாரணையாக வாசிக்கப்படவில்லை. அவ்வாறு வாசிக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

கொடுமை மிக்க வீட்டிலிருந்து கல்வியால் மீளும் சிறுவனின் கதை, சார்ள்ஸ் டிக்கன்சின் 'டேவிட் கொப்பர்பீல்ட்' (1849-50) நாவலிற் செவ்விய வடிவம் பெற்றது. கார்க்கியின் தனித்தன்மையை உணர்வதற்கு அதனோடு ஒப்பிடுவது பயன்தரும். தாயின் இரண்டாங் கணவர் டேவிட்டைப் பிரம்பால் அடிக்கிறார். சிறுவன் அவரது கையைக் கடித்துவிடுகிறான். அதன்பின் கொடிய விடுதிப் பாடசாலை, தாயின் மரணம், பத்து வயதிலே பண்டகசாலையிற் போத்தல் கழுவும் வேலை எனத் துயரங்கள் தொடர்கின்றன. இறுதியில் அவன் ஓடிச்சென்று தந்தையின் அத்தையிடம் அடைக்கலம் புகுகிறான். அவர் அவனைக் கன்ரபரி நகரில் நல்லதொரு பாடசாலையிற் சேர்க்கிறார். அப்பாடசாலையின் வாசலோடு துன்பத்தின் காலம் முடிவடைகின்றது.

இக்கல்வி டேவிட்டுக்குப் புதியதோர் உலகத்தை அளிக்கவில்லை. அவன் பிறந்து, பின்னர் வழுவிய நடுத்தர வர்க்க உலகத்தையே அவனுக்கு மீட்டளித்தது. பண்டகசாலையில் அவனோடு வேலைசெய்த சிறுவர்கள் கதையிலிருந்து மறைந்துவிடுகின்றனர். அவர்களுக்கு அத்தையும் இல்லை, கன்ரபரியும் இல்லை. டிக்கன்ஸ் தாமே 1824 இல், பன்னிரண்டு வயதில், தந்தை கடனுக்காகச் சிறையிலிருந்த காலத்திற் சப்பாத்து மைத் தொழிற்சாலையில் வேலைசெய்தவர். அவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் உலகிற்கு மறைத்தார். 1870 இல் அவர் காலமான பின்னரே, நண்பர் ஜோன் போர்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றினால் அது வெளியாயிற்று. டிக்கன்ஸ் மாபெரும் கலைஞர். குழந்தைகளின் துயரை அவரளவு உணர்த்தியவர் சிலரே. எனினும், தப்பிச்செல்லும் கல்வி தன் பின்னே வெட்கத்தை விட்டுச்செல்கின்றது என்பதற்கு அவரது மௌனமே சான்றாகின்றது.

3

கார்க்கியின் முதல் நூலிலும் ஒரு சிறுவன் அடிக்கும் கையைக் கடிக்கிறான். அலெக்சேய் பேஷ்கொவ் என்ற இயற்பெயருடைய கார்க்கி 1868 இற் பிறந்தார். 1871 இல் அஸ்திரகான் நகரில் தந்தை வாந்திபேதியால் இறக்க, தாயோடு நிஸ்னி நோவ்கொரொட்டிலிருந்த பாட்டனாரின் வீட்டை அடைந்தார். பாட்டனார் காஷிரின் சாயப்பட்டறை உரிமையாளர். வாரமெல்லாம் குற்றஞ்செய்த பிள்ளைகளைச் சனிக்கிழமைகளிற் பிரம்பால் அடிப்பது அவ்வீட்டின் ஒழுங்கு. சாயம் ஏற்றும் விந்தையிலே மயங்கிய சிறுவன், விழாநாளுக்குரிய வெள்ளை மேசைத்துணியை நீலச் சாயத்தில் தோய்த்துவிடுகிறான். பாட்டனார் அவன் மயங்கி விழும்வரை அடிக்கிறார்.

இவ்விடத்திலேயே கார்க்கி டிக்கன்சிலிருந்து வேறுபடுகிறார். டேவிட்டை அடித்தவர் இயல்பிலே கொடியவர். அவரது கொடுமைக்கு வரலாறு இல்லை. காஷிரினுக்கு வரலாறு உண்டு. அடித்த பாட்டனார் சில நாட்களின் பின் தின்பண்டங்களோடு நோயுற்ற பேரனின் படுக்கையருகே வந்து அமர்கிறார். தாம் இளமையில் வோல்கா நதிக்கரையிலே தோளிற் கயிறு பூட்டிப் படகிழுத்த கதையைச் சொல்கிறார். தாமும் அடிபட்டே வளர்ந்ததைக் கூறுகிறார். மிருகமாக உழைத்துச் சிறு உடைமையாளராக உயர்ந்த ஒருவர், அந்த உடைமையைக் காப்பதற்காகத் தம் வீட்டையே அச்சத்தால் ஆள்கிறார் என்ற உண்மை சிறுவனுக்கு அன்றே முழுமையாக விளங்கியிருக்க முடியாது. அதனை விளங்கிக்கொண்டவர், நாற்பத்தைந்து வயதில் இந்நூலை எழுதிய கார்க்கியே.

அவ்வீட்டின் சண்டைகள் யாவற்றுக்கும் அடியில் உடைமை உள்ளது. தாய்மாமன்மார் இருவரும் சொத்தைப் பிரித்துத் தருமாறு தந்தையோடும் தமக்குள்ளும் மோதுகின்றனர். தகப்பனின் விருப்பத்திற்கு மாறாக மணம்முடித்ததால் மறுக்கப்பட்ட சீதனத்தை, விதவையாகத் திரும்பிய சகோதரி கேட்டுவிடுவாளோ என அஞ்சுகின்றனர். நெடுங்காலம் பட்டறைக்கு உழைத்துக் கண்பார்வை இழந்த முதிய தொழிலாளி கிரிகோரி, ஈற்றிலே தெருவிற் பிச்சையெடுக்க விடப்படுகிறார். செல்வத்தை இழந்த முதுமையிற் பாட்டனார் மனைவியோடு தேயிலையைக்கூட எண்ணிப் பங்கிடுகிறார். சீதனமும் பாகப்பிரிவினையும் உடன்பிறப்புகளைப் பகைவராக்குவதைக் கண்டறிந்த நம் வாசகருக்கு இவ்வீடு அந்நியமானதன்று. குடும்பத்தின் கொடுமை தனிப்பட்டவரின் குணக்கேடாகத் தோன்றினாலும், அக்குணத்தை வார்த்தெடுக்கும் அச்சு சமுதாய உறவுகளிலேயே உள்ளது என்பதைக் கார்க்கி கோட்பாடாகக் கூறாமற் காட்சிகளால் நிறுவுகிறார்.

4

இனிக் கல்விக்கு வருவோம். கல்வி தன்னளவில் மனிதனைப் பண்படுத்திவிடும் என்ற நம்பிக்கையைக் கார்க்கி முதல் நூலிலேயே சோதிக்கிறார். அவரது தாய் வர்வாரா எழுத்தறிவுள்ளவர். மகனுக்கு அவரும் பாடஞ் சொல்லிக்கொடுத்தவர். அவரது இரண்டாங் கணவரான மக்சீமொவ், பிரபு வமிசத்தவர்; நில அளவைக் கல்வி பயின்ற மாணவர். அக்குடும்பத்திலேயே அதிகம் கற்றவர் அவர்தாம். அவரே நோயாளியான மனைவியைச் சப்பாத்துக் காலால் உதைக்கிறார். சிறுவன் கத்தியை எடுத்து அவரைத் தாக்குகிறான். கல்லாத பாட்டனாரின் பிரம்பையும் கற்ற கணவனின் சப்பாத்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும் கார்க்கி, கல்வி பெற்றவன் எவ்வர்க்கத்தவன், எவ்வுறவுகளில் நிற்பவன், பெண்ணை என்னவாகக் கருதுபவன் என்ற வினாக்களை நம்மிடம் விட்டுவிடுகிறார்.

மறுபுறத்தில், அவரது முதல் ஆசிரியை எழுத்தறியாத பாட்டியார். எண்ணற்ற கதைகளையும் நாட்டார் பாடல்களையும் நினைவில் வைத்திருந்த அம்மூதாட்டி, மனிதர்மீது இரக்கம் கொள்ளவும் சொல்லின் அழகை உணரவும் பேரனுக்குக் கற்பித்தார். ஏட்டுக்கல்வியோ பாட்டனாரிடமிருந்து வந்தது. அடித்த கையே அரிச்சுவடியையும் காட்டிற்று. அவர் தேவாலய மொழியின் எழுத்துக்களைக் கற்பித்துச் சங்கீதங்களை வாசிக்கச் செய்தார். கொடிய வீடு என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிட முடியாத இம்முரண்பாட்டை மறைக்காதிருப்பதே இந்நூலின் நேர்மை.

பாடசாலை பற்றிய பகுதி இன்னும் கூர்மையானது. கந்தையும் எலும்பும் பொறுக்கி விற்றுப் பிழைத்த சிறுவனைச் சக மாணவர்கள் இகழ்கின்றனர். அவனிடம் குப்பை நாற்றம் வீசுவதாக ஆசிரியரிடம் முறையிடுகின்றனர். ஆயினும் பரீட்சையிற் சித்தியடைந்து பரிசு பெறுகிறான். வேதாகம நூல் ஒன்று, கிரிலோவின் நீதிக்கதைகள், வேறொரு புத்தகம், பாராட்டுப் பத்திரம் ஆகியன கிடைக்கின்றன. வீட்டிலே பாட்டியார் பணமின்றி நோயிற் கிடக்கிறார். சிறுவன் புத்தகங்களை 55 கொப்பெக்குகளுக்குக் கடையில் விற்று அவரிடம் பணத்தைக் கொடுக்கிறான். நமது பரிசளிப்பு விழாக்களின் பேச்சுக்கள் யாவற்றையும் இவ்வொரு காட்சிக்கு எதிரே நிறுத்திப் பார்க்கலாம். பாடசாலை பரிசைக் கொடுக்கும். பரிசை வைத்திருக்கும் வீட்டைக் கொடுக்காது. 1879 இல் தாய் காசநோயால் இறக்கிறார். சில நாட்களிற் பாட்டனார், இனி உழைத்துப் பிழைக்குமாறு பதினொரு வயதுப் பேரனை வெளியே அனுப்பிவிடுகிறார். முறைசார்ந்த கல்வி அத்துடன் முடிந்தது.

5

இரண்டாவது நூலிற் கல்வியின் இடம் மாறுகின்றது. சப்பாத்துக் கடை, படம் வரைபவரின் வீடு, வோல்காவிற் செல்லும் நீராவிக் கப்பல், தேவபடங்கள் தீட்டும் பட்டறை என்பன பாடசாலைகளாகின்றன. கப்பலிற் பாத்திரம் கழுவிய சிறுவனுக்கு, சமையற்காரரான ஸ்மூரி தமது பெட்டியிலிருந்த நூல்களை வாசிக்கக் கொடுக்கிறார். உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். படம் வரைபவரின் வீட்டிலோ வாசிப்பது குற்றம். மெழுகுதிரி மறுக்கப்பட்டபோது, செம்புப் பாத்திரத்தில் நிலவொளியைப் பிடித்து வாசிக்க முயல்கிறான், அது பயனளிக்கவில்லை.

அவ்வீட்டில் விறகுக் கட்டையால் அடிபட்டு, முதுகிலிருந்து 42 சிராய்களை மருத்துவர் அகற்றிய நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. மருத்துவர் முறைப்பாடு செய்யுமாறு தூண்டுகிறார். சிறுவன் மறுத்துவிடுகிறான். நன்றியுணர்ந்த வீட்டாரிடம் அதற்கு ஈடாக அவன் கேட்பது, அயல்வீட்டுப் பெண்ணிடம் புத்தகம் வாங்குவதற்கான அனுமதியை. இதனை அறிவுத்தாகத்தின் சிறப்பாக மட்டும் புகழ்வோர் உண்டு. நீதி கோரும் உரிமையை விற்று ஒரு குழந்தை வாசிக்கும் உரிமையை வாங்க வேண்டியிருந்தது என்பதே இங்கு காணவேண்டியது. துன்பம் அறிஞனை உருவாக்கும் என்ற மயக்கத்திற்கு இங்கு இடமில்லை. அத்துன்பம் இல்லாதிருப்பின் அச்சிறுவன் குறைவாகக் கற்றிருப்பான் என்று எவர் கூறவியலும்?

வாசிப்பின் மெய்யான ஆற்றல் தேவபடப் பட்டறையில் வெளிப்படுகின்றது. அங்கு அவன் லெர்மொந்தொவின் 'அசுரன்' என்ற நெடுங்கவிதையைத் தொழிலாளருக்கு வாசிக்கிறான். ஒவ்வொருவரும் உருவத்தின் ஒவ்வோர் உறுப்பைமட்டும் தீட்டும் வேலைப்பிரிவினையாற் சலிப்படைந்த அம்மனிதர்கள், வேலையை நிறுத்தி அவனைச் சூழ்ந்துகொள்கின்றனர். முதிர்ந்த கலைஞர் ஒருவர் கண்ணீர் விடுகிறார். முன்னர் ஒளிந்திருந்து தனியே வாசித்தவன் இங்கு பிறருக்காக வாசிப்பவனாகிறான். கல்வி தனியுடைமை என்ற நிலையினின்றும் நீங்கிப் பொதுவுடைமையாகும் கணம் இது.

6

1884 இற் பல்கலைக்கழகத்திற் சேரும் ஆசையோடு பதினாறு வயதுக் கார்க்கி கசான் நகருக்குச் சென்றார். அவ்வாசை நிறைவேறவில்லை. 1887 இற் கல்வி அமைச்சர் தெல்யானொவ் வெளியிட்ட சுற்றறிக்கை, வண்டிக்காரர், சமையற்காரர், சலவைத் தொழிலாளர் முதலியோரின் பிள்ளைகளை இடைநிலைப் பாடசாலைகளிற் சேர்ப்பதற்குத் தடைவிதித்தது. சேறு இயற்கையாகத் தேங்குவதன்று. அரச ஆணையாலும் தேக்கப்படுவது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று தேவையில்லை. கார்க்கியின் 'பல்கலைக்கழகங்கள்' துறைமுகமும் நிலவறைப் பேக்கரியும் இரகசிய நூலகமும் ஆயின. மாணவர் வட்டத்தில் அடம் ஸ்மித்தின் நூலை வாசித்தபோது, அதன் பொருளைத் தம் உடலுழைப்பால் முன்னரே அறிந்திருந்த அவருக்குச் சலிப்பே உண்டாயிற்று. மாணவர்களோ அவரை இயற்கை ஈன்ற அருமணியாக ஒருவருக்கொருவர் காட்டி வியந்தனர். செந்தாமரை உவமையின் ருசிய வடிவம் இது.

அவ்வாண்டிலேயே பாட்டியார் இறந்தார். அடக்கம் நடந்து பல வாரங்களின் பின்னரே கடிதம் வந்தது. அத்துயரைச் சொல்லிக்கொள்ள ஒருவருமில்லை. டிசம்பரிற் கசான் பல்கலைக்கழகத்தில் மாணவர் கிளர்ச்சி எழுந்தது. அதனால் விலக்கப்பட்டோரில் பதினேழு வயதான விளதிமிர் உல்யானொவ் என்னும் பிற்கால லெனினும் ஒருவர். பேக்கரித் தொழிலாளர் சிலரோ மாணவரை அடிப்பதற்குக் கிளம்பினர். அவர்களைத் தடுக்க முனைந்த கார்க்கிக்கு, மாணவருக்காகப் பரிந்துபேச வேண்டிய சொற்கள் வாயில் எழவில்லை. கற்றோருக்கும் உழைப்போருக்கும் நடுவே, இருபாலாருக்கும் உரியவரல்லாமல் அவர் நின்றார். அம்மாதத்திலே துப்பாக்கியால் தம் மார்பிற் சுட்டுக்கொண்டார். உயிர் தப்பியது தற்செயல்.

கல்வியாற் கடும் வளர்ப்பை வென்றவர் என்று விழாமேடைகளிற் போற்றப்படும் ஒருவர், எட்டாண்டுக் கால வெறித்தனமான வாசிப்பின் பின் இந்நிலைக்கு வந்தார் என்பதை நாம் தாண்டிச்செல்லலாகாது. நூல்கள் அவரை அவரது வீட்டினின்றும் பிரித்தன; வேறு வீட்டை அளிக்கவில்லை. 1888 இல், நாடுகடத்தலிலிருந்து மீண்ட புரட்சியாளரான ரோமாஸ் அவரைத் தம்மோடு கிராமமொன்றிற்கு அழைத்துச்சென்றார். ஒரு பொது நோக்கிற்காகச் சேர்ந்து வேலைசெய்தமையும் ஒரு மூத்த தோழரின் மரியாதை கலந்த நட்பும் அவரை மீட்டன. வசதிபடைத்த விவசாயிகள் அவர்களது கடையை எரித்தபோதும் அவர் முன்போல் உடைந்துவிடவில்லை. கல்வியின் குணமாக்கும் ஆற்றல் அது கூட்டு வாழ்வோடு இணையும்போதே நிறைவடைகின்றது என்ற முடிவிற்கு இந்நூல் நம்மை இட்டுச்செல்கின்றது.

7

இம்முடிவு நடைமுறையிற் சோதிக்கப்பட்டதும் உண்டு. உள்நாட்டுப் போரினால் அநாதைகளாகிக் குற்றங்களில் வீழ்ந்த சிறுவர்களுக்காக அன்ரன் மகரெங்கோ 1920 இற் பொல்தாவா அருகே ஓர் இல்லத்தை ஆரம்பித்து, பின்னர் அதற்குக் கார்க்கியின் பெயரைச் சூட்டினார். சிறுவர்களின் கடந்தகாலத்தைத் துருவுவதை அவர் விரும்பவில்லை. அவர்கள் 'எனது குழந்தைப் பருவம்' நூலை வாசிக்கக் கேட்டுத் தம் வாழ்வையே அதிற் கண்டனர். 1928 இற் கார்க்கி அவர்களிடம் நேரிற் சென்றார்.

ஆனால், இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறுவது நம் கடமை. 1934 இற் கார்க்கி தொகுப்பாசிரியருள் ஒருவராக இருந்து வெளியிட்ட நூல், வெண்கடல் கால்வாயை வெட்டிய கைதிகளின் கட்டாய உழைப்பை மனிதரைத் திருத்தும் கல்வி எனப் புகழ்ந்தது. அக்கால்வாயில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பாட்டனாரின் பிரம்பு எவரையும் திருத்தவில்லை என உலகிற்கு உணர்த்தியவரே, அதிகாரத்தின் பிரம்பைக் கல்வி என ஏற்க நேர்ந்தமை துயரமான முரண். மார்க்சிய விமர்சனம் இதனை மூடிமறைக்குமாயின் அது விமர்சனம் என்ற பெயருக்கு உரித்தாகாது. 'எனது குழந்தைப் பருவம்' எழுதிய கார்க்கியைக் கொண்டே 1934 இன் கார்க்கியை நாம் மறுக்கலாம்.

8

இலங்கையில் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாகவே நம்மிற் பலர் பல்கலைக்கழக வாயிலை மிதித்தோம். சாதியின் பெயராற் பாடசாலை மறுக்கப்பட்ட வரலாறும், மலையகத் தோட்டப் பாடசாலைகள் 1970களிலேயே அரச பொறுப்பில் வரத்தொடங்கிய வரலாறும் நமக்குரியவை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட டொமினிக் ஜீவா (1927-2021) யாழ்ப்பாணத்துச் சலூன் ஒன்றையே தம் பல்கலைக்கழகமாக்கி 'மல்லிகை'யை வளர்த்தெடுத்தமை, கார்க்கியின் நூற்றலைப்பு இம்மண்ணிலும் பொருளுடையது என்பதைக் காட்டும்.

ஆயினும் நம் கல்வி பெருமளவிற் டேவிட்டின் கல்வியாகவே உள்ளது. குடிகாரத் தந்தையையோ அடிபட்ட தாயையோ பற்றிப் பேச வெட்கி, விடுதி நண்பரிடம் வீட்டு முகவரியை மறைக்கும் மாணவனை நாம் அறிவோம். அவனிடம் செந்தாமரை உவமையைக் கூறுவது, அவனது வெட்கத்தைச் சரியென்று ஒப்புக்கொள்வதாகும். அவனுக்கு வேண்டியது வேறு. தந்தையின் கையில் மதுப்புட்டியையும் தாயின் முதுகிற் காயத்தையும் வைத்த கூலியும் கடனும் ஆணாதிக்கமும் எவை என்று அறியும் அறிவு அவனுக்கு வேண்டும். விளங்கிக்கொள்வது மன்னிப்பதாகாது, அடித்த வீட்டிற்குத் திரும்புமாறு எவரையும் வற்புறுத்த நமக்கு உரிமையில்லை. கார்க்கியும் திரும்பவில்லை. ஆனால் அவர் அவ்வீட்டை மறைக்கவுமில்லை. பாட்டனாரையும் பாட்டியாரையும் கண்ணிழந்த கிரிகோரியையும் பெயர்சொல்லி உலகின்முன் நிறுத்தினார்.

தாமரையின் வேர் சேற்றிலேதான் உள்ளது என்பதை உவமை சொல்வோர் மறந்துவிடுகின்றனர். குளத்தைத் தூர்வாரும் பொறுப்பைப் பூவின்மேற் சுமத்தமுடியாது. அது கற்றோரும் கல்லாதோரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. அவ்வேலைக்கு ஆளாக்காத கல்வி, பரிசுகளைத் தொடர்ந்து வழங்கிக்கொண்டிருக்கும். பரிசு பெற்ற பிள்ளைகள் அவற்றைக் கடையிலே விற்றுக்கொண்டும் இருப்பர்.